எங்களுக்கான சேவை, எங்களைக் கேட்டு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வட இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சி மாவட்டத்தில் வசிப்பவள். 2009இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். அன்று தொடக்கம் செயற்கைக் கால், ஊன்றுகோல், படிவம், கொடுப்பனவு, கூட்டம் என்று எல்லா வாசல்களிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது எங்கள் ஊர்ப் பக்கத்து மாற்றுவலுவுள்ளோர் சங்கம் ஒன்றில் கொப்பி எழுதும் பொறுப்பு என்னுடையது. கூட்டங்களில் உத்தியோகத்தர்கள் கேட்டவை, பெற்றோர் கேட்டவை, எங்களவர்களே தயங்கித் தயங்கிக் கேட்டவை என்று அந்தக் கொப்பியில் சேர்ந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஏதோ ஓர் உதவி கிடைக்கிறதே, அதுவே பெரிய விடயம். அதற்கு மேல் கருத்தும் கேட்க வேண்டுமா?

வேண்டும். ஒரு சக்கர நாற்காலியை வைத்தே விளக்குகிறேன்.

விசுவமடுப் பக்கத்தில் அக்கா ஒருவர் இருக்கிறார். முள்ளந்தண்டில் காயப்பட்டவர். அவருக்கு முதலில் கிடைத்த நாற்காலி வழவழப்பான தரைக்காகச் செய்யப்பட்டது. முன்பக்கச் சக்கரங்கள் இரண்டும் உள்ளங்கை அளவுதான். எங்கள் முற்றத்து மணலில் இரண்டு முழம் நகர்வதற்குள் அவை புதைந்துவிடும். போதாததற்கு, நாற்காலியின் அகலம் அவருடைய அடுப்படி வாசலை விடப் பெரிது. கொண்டுவந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நாற்காலி இரண்டு மழைக்காலம் மாமரத்தடியில் நின்றது. அக்கா பழையபடி பாயில் அரைந்துதான் கிணற்றடிக்குப் போனார்.

அடுத்த தடவை ஒரு திட்டம் வரப்போகிறது என்று தெரிந்தபோது, பொருள் வாங்குவதற்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அந்தக் கூட்டத்துக்கு அக்கா ஒரு தும்புக் கயிற்றோடு வந்தார். அதில் நான்கு முடிச்சுகள். கயிற்றின் நுனியிலிருந்து முதல் முடிச்சு வரை வாசலின் அகலம். அடுத்தது கட்டிலின் உயரம். மூன்றாவது மலசலகூடத்துக் கதவின் அகலம். கடைசி முடிச்சு, அவர் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எட்டும் தூரம். கயிற்றை மேசையில் நீட்டி வைத்து, “இதுதான் என்னுடைய வீடு” என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுந்துபோய் அளவு நாடாவை எடுத்து வந்தார். பிறகு வந்த நாற்காலியில் முன்பக்கம் பெரிய சக்கரம் ஒன்றுதான். மணலிலும் கிரவல் வீதியிலும் அது ஓடுகிறது. அக்கா இப்போது சந்தைக்குப் போய் வருகிறார்.

இது எங்களுடைய கண்டுபிடிப்பு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, சக்கர நாற்காலிச் சேவையை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. ஆளையும் அவர் வாழும் இடத்தையும் மதிப்பிடுவது, உடலுக்குப் பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பின்னர் திருத்திக் கொடுப்பது எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்கும். பொருளைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. பயன்படுத்துகிறவரின் வாயிலிருந்து வராமல் அந்தப் படிகளில் ஒன்றையாவது சரியாகச் செய்ய முடியுமா என்று நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் கூட்டம் வைத்தோமே, வரவுப் பதிவில் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறதே. அது கலந்தாலோசனை ஆகாதா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். எங்கள் சங்கத்தில் இதற்கு ஒரேயொரு கேள்விதான் வைத்திருக்கிறோம்: கேட்டதால் எது மாறியது?

இடம், நேரம், செலவு, ஆள், அளவு, ஒழுங்கு என்று எதிலாவது ஒன்று எங்கள் சொல்லால் மாறியிருந்தால் அது கலந்தாலோசனை. எதுவுமே மாறவில்லை என்றால், ஏன் மாற்ற முடியவில்லை என்ற காரணத்தையாவது எங்களிடம் திரும்பி வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் நடந்தது அறிவித்தல்தான். அறிவித்தலும் தேவைதான். ஆனால் அதைக் கலந்தாலோசனை என்று அறிக்கையில் எழுதக் கூடாது.

ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களைச் சமாளிப்பது இருக்கிறது. நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் இருக்கின்றன. மேற்படிகளில் மக்கள் முடிவெடுக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். வன்னியில் நான் போன கூட்டங்களில் பெரும்பாலானவை நடுப்படிக்கு மேலே ஏறவில்லை. இதைக் கசப்போடு சொல்லவில்லை. அடுத்த படி எது என்று தெரிந்தால்தான் காலைத் தூக்கி வைக்க முடியும்.

எப்போது கேட்க வேண்டும்?

பணம் ஒதுக்கப்படுவதற்கு முன், வரைபடம் கீறப்படுவதற்கு முன்.

நான் அடிக்கடி போகவேண்டிய அலுவலகம் ஒன்றின் வாசல் தரையிலிருந்து இரண்டடி உயரம். சாய்தளத்துக்கு உலகில் பரவலாக வழங்கும் அளவு 1:12. அதாவது ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டடிக்கு இருபத்து நான்கு அடி. கட்டடம் முடிந்த பிறகுதான் சாய்தளத்தின் நினைவு வந்ததால் முன்னால் அவ்வளவு இடம் இருக்கவில்லை. எட்டடியில் முடித்துவிட்டார்கள். அதில் சக்கர நாற்காலியோடு ஏறியவர் ஒருவர் பின்பக்கமாகச் சரிந்தார். தற்செயலாகப் பின்னால் நின்ற இருவர் தாங்கிப் பிடித்தார்கள். ஊன்றுகோலோடு போகும் நான் இன்றைக்கும் அந்தச் சாய்தளத்தை விட்டுவிட்டுப் படிகளில்தான் ஏறுகிறேன். சீமெந்து செலவானது, மேசன் கூலி செலவானது, பயன் இல்லை. அத்திவாரம் வெட்டுவதற்கு முன் எங்களில் ஒருவரை ஒரு மணி நேரம் கூட்டிப்போய்க் காட்டியிருந்தால் வாசல் வேறு பக்கம் வந்திருக்கும்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. எதற்கு எவ்வளவு பலம் என்பதைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது.

மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006 டிசம்பரில் நிறைவேறியது. இலங்கை 2007 மார்ச்சில் ஒப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்புறுதி செய்தது. அதன் 4ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்திதான் எங்களுக்கு முக்கியம். எங்களைப் பாதிக்கும் சட்டமோ கொள்கையோ தீர்மானமோ எதுவானாலும், எங்கள் பிரதிநிதித்துவ அமைப்புகள் ஊடாக, சிறுவர்கள் உட்பட எங்களுடன் நெருக்கமாகக் கலந்தாலோசித்து எங்களை ஈடுபடுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. 33ஆம் உறுப்புரை கண்காணிப்பிலும் எங்களுக்கு இடம் தருகிறது. ஆனால் இலங்கையில் ஒரு சர்வதேசச் சமவாயம் தானாக உள்நாட்டுச் சட்டமாகிவிடாது. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேரே வழக்குப் போட முடியாது. என்றாலும் அரசு உலகத்தின் முன் கொடுத்த வாக்கு அது. கடிதங்களில் உறுப்புரை இலக்கத்தோடு எழுதுங்கள்.

உள்நாட்டில் எங்கள் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் 23ஆம் பிரிவு வேலையிலும் கல்வி அனுமதியிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது, பொது இடங்களுக்குள் போவதற்கு எங்களைத் தடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டடங்களின் அணுகல் வசதிக்கு 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படியே அமைய வேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. மேலே சொன்ன எட்டடிச் சாய்தளத்தைப் பற்றி நாங்கள் எழுதிய கடிதத்தில் அந்தக் கட்டளையைத்தான் முதல் வரியில் வைத்தோம்.

கண்ணிவெடியால் பாதிக்கப்பட்டவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருங்கள். கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்குவதோடு, பாதிக்கப்பட்டவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றியும் அது பேசுகிறது.

கலந்தாலோசனைக்கு யாரை அழைப்பது? சங்கத் தலைவரை அழைத்தால் போதாதா?

போதாது. வன்னியில் மாற்றுவலு என்றவுடன் எல்லோருக்கும் காலிழந்தவர், கையிழந்தவர், கண்ணிழந்தவர் என்று போர்க்காயப்பட்டவர்களே நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்குள்ளும் பேசப் பழகிய ஆண்கள்தான் முன்வரிசையில் இருப்பார்கள். பிறவியிலேயே கேட்காத பிள்ளை, நீரிழிவால் கால் அகற்றப்பட்ட மீன்பிடித் தொழிலாளி, பார்வை மங்கிய ஆச்சி, மனநலப் பாதிப்போடு வாழ்பவர், பன்னிரண்டு ஆண்டுகளாகக் கட்டிலை விட்டு இறங்காதவர் ஆகியோர் அந்த அறைக்குள் வருவதே இல்லை. 2012 குடிசன மதிப்பீடு பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் ஆகிய ஆறையும் கேட்டு, நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 சதவீதமானோருக்கு இவற்றில் ஏதோ ஒரு சிரமம் இருப்பதாகக் கண்டது. அது பதினாறு லட்சத்துக்கும் அதிகமானோர். முன்வரிசையில் இருக்கும் நாங்கள் அதில் சிறு துளி.

பெண்களைத் தனியாகவும் சந்தியுங்கள். மாதவிடாய்க் காலம், குளிக்கும் இடத்து மறைப்பு, பராமரிப்பவர் கை வைக்கும் விதம் பற்றியெல்லாம் ஆண்கள் இருக்கும் அறையில் ஒரு பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். நானும் திறந்ததில்லை.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. மாற்றுவலுவுள்ளோருக்காக இயங்கும் அமைப்பு வேறு. மாற்றுவலுவுள்ளோரே நடத்தும் அமைப்பு வேறு. முதல் வகை அமைப்புகள் எங்களுக்குச் செய்த நன்மைகள் ஏராளம். அவர்கள் இல்லாவிட்டால் எங்களில் பலர் எழுந்து நடந்திருக்க மாட்டோம். ஆனாலும் எங்களுக்காகப் பேசும் இடம் அவர்களுடையது அல்ல. மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகள் சமவாயத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2018இல் வெளியிட்ட 7ஆம் இலக்கப் பொதுக் கருத்துரை இதைத் தெளிவாகப் பிரித்து, எங்கள் சொந்த அமைப்புகளுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1980இல் கனடாவின் வின்னிபெக் நகரில் புனர்வாழ்வுத் துறையினரின் உலக மாநாடு கூடியது. பிரதிநிதிகளில் பாதிப்பேர் மாற்றுவலுவுள்ளோராக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கே வைக்கப்பட்டது. மாநாடு அதை நிராகரித்தது. வந்திருந்த மாற்றுவலுவுள்ளோர் தனியாகக் கூடினார்கள். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் தங்களுக்கென்று ஓர் உலக அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் அன்று எழுந்து போயிருக்காவிட்டால் 4ஆம் உறுப்புரையில் அந்த வரிகள் வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

என் மகனுக்குப் பேச்சு இல்லை. அவனிடம் எப்படிக் கருத்துக் கேட்பது? அவனுக்காக நான் சொல்கிறேனே?

இதைக் கேட்ட தாயின் முகம் எனக்கு இப்போதும் நினைவில் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையன். அவனை அவரைவிட யாருக்கும் தெரியாது. ஆகவே முதலில் சொல்கிறேன், அம்மா, உங்கள் சொல் தேவை. ஆனால் அது அவனுடைய சொல்லுக்குப் பதில் ஆகாது. இரண்டும் வேண்டும்.

அவன் பகல் நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்குப் போய்வந்தான். காலையில் சந்தோசமாகப் போவான். பத்து மணியானால் எழுந்து வாசலுக்கு ஓடுவான், பிடித்தால் கடிப்பான். “குழப்படி கூடிவிட்டது, மருந்து பார்க்க வேண்டும்” என்றார்கள். எங்கள் சங்கத்துத் தம்பி ஒருவர், அவரும் சிறுவயதில் இப்படி ஒரு நிலையத்தில் இருந்தவர், நான்கு நாள் காலையில் போய் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைப் போடுகிறார்கள். அந்த இரைச்சல் அவனுக்குத் தாங்கவில்லை. காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் தாங்கியை நிரப்பச் சொன்னார். அன்றிலிருந்து பையன் மதியம் வரை இருக்கிறான்.

வாசலுக்கு ஓடியதுதான் அவனுடைய கருத்து. எத்தனையோ நாளாக அவன் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் ஒருவர் கேட்டார்.

செய்யக்கூடியவை பல. இரண்டு பொருளைக் காட்டி எதைத் தொடுகிறான் என்று பாருங்கள். படங்களை ஒட்டிய அட்டை வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆள் வந்தால் முகம் மலர்கிறது, எந்த ஆள் வந்தால் உடல் இறுகுகிறது என்று தேதி போட்டு எழுதி வாருங்கள். ஒரே நாளில் ஒரே தடவை கேட்டு முடிவெடுக்காதீர்கள். இதற்கு நேரம் செல்லும். அந்த நேரத்தையும் திட்டத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.

கூட்டத்தை எப்படி ஒழுங்கு செய்வது?

மல்லாவியிலிருந்தோ பூநகரியிலிருந்தோ ஒருவர் கிளிநொச்சிக்கு ஒன்பது மணிக்கு வர வேண்டுமென்றால் அவர் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு மலசலகூட வேலையை முடித்து உடுத்துக்கொள்ளவே இரண்டு மணி நேரம் ஆகலாம். பஸ்ஸில் சக்கர நாற்காலியை ஏற்ற முடியாததால் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆகவே பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியுங்கள். ஏ9 வீதியோரத்து மண்டபத்துக்கே எல்லோரையும் இழுக்காமல் நீங்கள் ஊருக்குப் போக முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒரு வாகனத்தில் ஐந்து உத்தியோகத்தர்கள் போவது, ஐம்பது பேர் ஐம்பது வாகனத்தில் வருவதைவிட எளிது. காலபோக அறுவடை நாட்களில் கூட்டம் வைக்காதீர்கள். வீட்டில் கூட்டிவர ஆள் இருக்காது.

மண்டபத்தைப் பார்க்கப் போகிறவர் முதலில் மலசலகூடத்தைப் பார்க்கட்டும். கதவு நாற்காலி நுழையும் அகலமா, உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? இது சரியில்லை என்றால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வன்னி வெயிலில் அது சிறுநீரகத்தோடு விளையாடுவது.

பேசப்போகும் விடயத்தை முன்கூட்டியே அனுப்புங்கள். பார்வையற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் போதும், செலவே இல்லை. காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எங்கள் பக்கத்தில் அவர்கள் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் தங்கையோ தாயோ அந்த வேலையைச் செய்கிறார்கள். தங்கை நல்ல மனத்தோடு செய்வாள். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் குறையை அவள் வழியாகச் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளர் வரக்கூடிய நாளைக் கேட்டு, அந்த நாளில் கூட்டத்தை வையுங்கள்.

வருகிறவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். பயணச் செலவு, கூட வருகிறவரின் பயணச் செலவு, அன்றைய நாட்கூலி மூன்றும். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோரும் சம்பளத்தோடுதான் வந்திருக்கிறார்கள்.

எத்தனையோ பேர் வந்து விபரம் எடுத்துப் போய்விட்டார்கள். இனியும் ஏன் சொல்ல வேண்டும்?

கேட்பவர் எங்களவர் என்பதால் நேராகச் சொல்கிறேன்: நீங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாமில் இருந்த காலம் தொடக்கம் எத்தனை படிவங்கள், எத்தனை நிறத் தாள்கள். காயப்பட்ட நாளையும் இடத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, சொல்லும்போது குரல் நடுங்காத அளவுக்குப் பழகிப்போனவர்கள் நாங்கள். அந்தத் தகவல் எங்கே போனது என்று யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

அதனால் இப்போது எங்கள் சங்கம் மூன்று விடயம் தெரியாமல் எவருக்கும் விபரம் கொடுப்பதில்லை. எதற்காகக் கேட்கிறார்கள், யார் யார் பார்ப்பார்கள், முடிவை எந்த நாளில் எங்களிடம் வந்து சொல்வார்கள். காயத்தின் கதை தேவையா என்றும் கேட்போம். மலசலகூடம் கட்டுவதற்கு என் கால் எங்கே எப்படிப் போனது என்று தெரிய வேண்டியதில்லை. படம் எடுப்பதற்கும் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். பெயரும் முகமும் பதிவாவதற்கு அஞ்சும் காரணங்கள் இந்த மண்ணில் பலருக்கு உண்டு. அவர்கள் மறுத்தால் காரணம் கேட்காதீர்கள். வரவுப் பதிவில் கையெழுத்திடாமலும் ஒருவர் கருத்துச் சொல்ல இடம் இருக்கட்டும்.

குறை சொன்னால் கொடுப்பனவை வெட்டிவிடுவார்களோ?

இந்தப் பயம் உண்மையானது. கூட்டத்தில் எல்லோரும் “நல்லம், நன்றி” என்று சொல்லிவிட்டுப் படலைக்கு வெளியே வந்து குறை பேசுவதற்குக் காரணமே இதுதான். கொடுப்பனவு தகுதியின் பேரில் கிடைப்பது. அதை ஓர் உத்தியோகத்தர் தன் கோபத்துக்காக நிறுத்த முடியாது. ஆனாலும் இதைச் சொன்னதால் பயம் போய்விடாது. எனவே தனியாளாகச் சொல்லாமல் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். சேவை தருகிறவரே கருத்துக் கேட்கவும் வரக்கூடாது என்று கோருங்கள். குளிப்பாட்ட வரும் பெண் முன்னால் நின்றுகொண்டு “நான் எப்படி?” என்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்?

பிரதேச செயலகமா, பிரதேச சபையா? எங்கே போய்ச் சொல்வது?

கொடுப்பனவு, வீட்டு உதவி, உபகரணம், வாழ்வாதாரம் என்றால் கிராம அலுவலர், பிறகு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். உள்ளூர் வீதி, சந்தை, நூலகம், பொது மலசலகூடம் என்றால் பிரதேச சபை. கரைச்சி, பூநகரி, புதுக்குடியிருப்பு என்று எந்தப் பிரதேசமானாலும் இந்த ஒழுங்கு ஒன்றுதான். வரவுசெலவுத் திட்டம் ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக்கானது. டிசம்பரில் போய்க் கேட்டால் அடுத்த ஆண்டுக்கும் தப்பிவிடும். உங்கள் கடிதம் செப்டெம்பருக்குள் சபையில் இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாற்றுவலுவுள்ளோருக்கென்று எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எதற்குச் செலவானது, யாரைக் கேட்டு முடிவெடுக்கப்பட்டது என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். எங்கள் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் அப்படித்தான் விண்ணப்பித்தார். அலுவலர் எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது, விட்டுப்போன ஒரு வரியைத் திருத்தவும் சொன்னார்.

நீங்களே ஆளுக்கொன்று சொல்கிறீர்களே, எதைத்தான் செய்வது?

சொல்வோம். நாங்கள் ஒரே உடம்பு இல்லை. சக்கர நாற்காலிக்காரர் வீதியோரத்து விளிம்பு தட்டையாக வேண்டும் என்பார். வெண்பிரம்போடு நடப்பவர் அந்த விளிம்பைத் தட்டித்தான் வீதி எங்கே தொடங்குகிறது என்று அறிகிறார், அதை எடுத்துவிட்டால் நேரே வாகனத்துக்குள் போய்விடுவார். இருவரையும் ஒன்றாக அந்த இடத்துக்கே கூட்டிப்போனால் வழி பிறக்கும். சரிவை வைத்து, அதன் முன் காலுக்கும் பிரம்புக்கும் தெரியும்படி சொரசொரப்பான கற்களைப் பதிக்கலாம். இருவரில் ஒருவரை மட்டும் கேட்டிருந்தால் மற்றவருக்குத் தீங்கு செய்திருப்பீர்கள். கருத்து வேறுபடுவது கேட்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

வெள்ளம் வரும்போது என்ன செய்வது?

2018 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியாது. இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இரவோடு இரவாகச் சனம் வெளியேறியது. அறிவித்தல் ஒலிபெருக்கியில் வந்தால் கேளாதவர் எப்படி அறிவார்? இடைத்தங்கலாகும் பாடசாலை வகுப்பறைக்குப் படி ஏற வேண்டும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்ட வேண்டியவருக்கு வெறும் சீமெந்துத் தரை. ஒக்டோபரில் மழை தொடங்குமுன் கிராம மட்ட அனர்த்தக் குழுவில் எங்களில் இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் யார் தூக்க வேண்டும், எந்த உழவு இயந்திரம் எந்த ஒழுங்கைக்குப் போக வேண்டும், கதீட்டரும் (சிறுநீர்க் குழாயும்) மருந்தும் எந்தப் பையில் இருக்கின்றன என்று நாங்கள் ஒரு தாளில் எழுதித் தருவோம்.

உங்களை என்ன சொல்லி அழைப்பது?

பழைய வழக்கில் அங்கவீனர், செய்தித்தாள்களில் மாற்றுத்திறனாளிகள், எங்கள் பக்கத்தில் மாற்றுவலுவுள்ளோர். ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது, கேளுங்கள். எனக்குப் பெயர் சொல்லி அழைத்தால் போதும். “நொண்டி”, “செவிடு”, “விசர்” வேண்டாம்.

நாங்கள் நான்கு பேர்தான் இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கொப்பி வாங்குங்கள். தேதி, யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார்கள், என்ன மாறியது என்று நான்கு நிரல் போடுங்கள். பிறகு உங்கள் எல்லோரையும் வருத்துகிற ஒரே ஒரு சிறிய விடயத்தை எடுங்கள். பெரியதை எடுத்தால் கடைசி நிரல் வருடக்கணக்காக வெறுமையாக இருக்கும், ஆட்கள் சோர்ந்துவிடுவார்கள்.

எங்கள் முதல் கடிதம் ஒரு திறப்பைப் பற்றியது. நாங்கள் மாதந்தோறும் போகும் பொதுக் கட்டடம் ஒன்றில் மாற்றுவலுவுள்ளோருக்கென்று கட்டிய மலசலகூடம் எப்போதும் பூட்டியே இருந்தது. உள்ளே தும்புத்தடியும் சீமெந்துப் பைகளும். திறப்பு ஓர் உத்தியோகத்தரிடம், அவர் அன்றைக்கு லீவு. மூன்று கடிதம் எழுதினோம். மூன்றாவது கடிதத்தை நான்கு பேரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த மாதம் போனபோது பைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். திறப்பு கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. ஆனால் ஆணி அடித்தவர் நின்றபடி அடித்திருக்கிறார். சக்கர நாற்காலியில் வந்த எங்கள் தங்கச்சிக்கு எட்டவில்லை. அவர் உள்ளே போய்ச் சொன்னார். காவலாளி சுத்தியலோடு வந்து, “எவ்வளவு உயரம் வேண்டும், தங்கச்சி?” என்று கேட்டார். அவர் கையை நீட்டிச் சுவரில் தொட்டுக் காட்டினார். இப்போது ஆணி அந்த இடத்தில் இருக்கிறது. அதற்கு மேலே பழைய ஆணியின் துளையும் இருக்கிறது.